ஷட்டர் சத்தமும் மூளைக்குள் ஒரு கடற்குதிரையும்

இலங்கையில், கண்டிக்கு அருகே பல்லேகலயில் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடை ஷட்டரை இரவில் இழுத்து மூடும்போதெல்லாம் உம்மா உறைந்துபோவார். 2018 மார்ச் 5ஆம் திகதி, பக்கத்துத் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்ட நாளிலிருந்து இப்படித்தான்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு உம்மா" என்பேன்.

"எனக்குத் தெரியும் மகன். உடம்புக்குத்தான் தெரியல்ல."

அந்த உடம்பைத் தேடியே நான் மூளைப் படங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மூளையின் இரு பக்கமும், கடற்குதிரைபோல் வளைந்த ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. ஒன்று எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுக்கு இடமும் காலமும் குறிக்க உதவுவது அதுதான். அது தளர்ந்தால் பழைய பயம் இன்றைய பயமாகிவிடலாம்.

1995இல் அமெரிக்காவில், மனவடு நோய் (PTSD) உள்ள வியட்நாம் போர்வீரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். வலப்பக்க ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 8 சதவீதம் சிறிதாயிருந்தது. பயம் அதைச் சுருக்கியதா? 2002இல் இரட்டையரை ஆராய்ந்தபோது, நோயுள்ள வீரரின், போருக்கே போகாத சகோதரனுக்கும் அது சிறிதாகவே இருந்தது. ஆகவே சிலருக்கு அது பிறவியிலேயே அமைந்த பலவீனமாகவும் இருக்கலாம்.

ஒரு படத்தை மட்டும் வைத்து யாருக்கும் இந்த நோய் இருக்கிறதென்று சொல்ல முடியாது. அதை உறுதிசெய்ய, பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சையால் பலர் தேறியிருக்கிறார்கள்.

இப்போது நான் "முடிஞ்சு போச்சு" என்று சொல்வதில்லை. ஷட்டர் விழும்போது உம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.