காலையில் வயிற்று வலி... 10 மணிக்கு மாயம்! பள்ளிக்கு போக மறுக்கும் பிள்ளையை அடிக்காதீங்க

கோவை:
"அம்மா, வயிறு வலிக்குது... இன்னைக்கு ஸ்கூலுக்கு போகலம்மா!"

ஞாயிறு முழுக்க தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன், திங்கட்கிழமை யூனிபார்மை பார்த்ததும் சுருண்டு படுத்துக் கொள்கிறான். 10 மணிக்கு மேல் வலி இருந்த இடம் தெரியாது. மில் ஷிப்டுக்கு நேரமாகும் அவசரத்தில் நாம் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் நடிப்பு!"

நடிப்பு இல்லை. பயம் வந்தால் நிஜமாகவே வயிறு கலங்கும், தலை வலிக்கும், வாந்தி வரும்.

கட் அடிப்பது வேறு

வீட்டுக்கு தெரியாமல் ஊர் சுற்றுவது வேறு. இந்த பிள்ளைகள் பெற்றோருக்கு தெரிந்தே, அழுதுகொண்டு வீட்டில் இருப்பார்கள். 1-ம் வகுப்பு, 6-ம் வகுப்பு என பள்ளி மாறும்போதும், நீண்ட லீவு முடிந்தும் இது அதிகம் வரும்.

என்ன பயம்?

சக மாணவர்களின் கிண்டல், வாத்தியாரின் அடி, எழுத்துக்கூட்டி படிக்க வராத அவமானம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. அப்பா குடித்துவிட்டு சண்டை போடும் வீட்டில், "நான் போயிட்டா அம்மாவுக்கு என்ன ஆகுமோ" என்ற பயத்திலும் பிள்ளை நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

* முதலில் டாக்டரிடம் காட்டி, வேறு நோய் இல்லை என உறுதி செய்யுங்கள்.

* காலை அவசரத்தில் விசாரணை வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு, "ஸ்கூல்ல என்னாச்சு கண்ணு?" என்று பொறுமையாக கேளுங்கள்.

* வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள். அவர் சம்மதத்துடன் முதலில் 1 மணி நேரம், பிறகு அரை நாள், அப்புறம் முழு நாள் என பழக்குங்கள்.

* வீட்டில் நின்றால் பள்ளி நேரத்தில் டி.வி., செல்போன் கூடாது.

நாள் தள்ளத் தள்ள பயம் கூடும். ஒரு மாதம் போனால், "சரி, பனியன் கம்பெனிக்கு வரட்டும்" என்று படிப்பே நின்றுவிடும். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

2 வாரம் தாண்டியும் சரியாகாவிட்டால் கோவை அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவில் காட்டலாம். "செத்துப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், ஒரு நாள் கூட தாமதிக்காதீர்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாக பேசலாம். பள்ளிக்கல்வி ஆலோசனைக்கு 14417. பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால் 1098.