கடலாமையும் கழகத்தாரும்

சென்னை மாநகரின் தென்பால், நீலாங்கரை தொடங்கிப் பெசன்ட் நகர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுடையது. பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்னும் ஊர்கள் அதன்கண் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மாலையில் காற்று வாங்க வந்த மக்கள் இல்லம் திரும்பிய பின்னர், நள்ளிரவை ஒட்டி, ஒரு சிறு கூட்டத்தார் இக்கரையில் வடக்கு நோக்கி நடக்கின்றனர். அவர் கையில் விளக்கு எரியாது. வாயில் உரத்த பேச்சு எழாது. தை பிறக்கும் காலம் தொடங்கிப் பங்குனி கழியும் வரை ஓரிரவும் விடாது இந்நடை நிகழ்கின்றது. இவர்கள் தேடி நடப்பது கடலாமை மணலில் புதைத்துச் சென்ற முட்டைகளையே ஆகும்.

இவ்வாறு நடப்போருள் பெரும்பாலோர் கல்லூரி மாணவர். ஊதியம் பெறுவோர் இவருள் இலர். 1988ஆம் ஆண்டில் மாணவர் சிலர் ஒன்றுகூடிக் கடலாமைப் பாதுகாப்பிற்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். அன்று நடந்தவர்கள் படிப்பு முடித்துப் பல திசையிற் பிரிந்தனர். அவர்க்குப் பின் வந்த மாணவர் அப்பணியை ஏற்றனர். வனத்துறையின் இசைவோடு அந்நடை இன்றும் நடைபெறுகின்றது.

இயற்கையை விரும்பும் மக்கள் கழகமாகக் கூடுதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. மும்பையில் 1883ஆம் ஆண்டிலேயே எண்மர் கூடி இயற்கை வரலாற்றுக் கழகம் ஒன்றை நிறுவினர். சென்னையில் 1978இல் இயற்கையாளர் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினர் விடுமுறை நாள்களில் கிண்டிக் காட்டிற்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும், பழவேற்காட்டு ஏரிக்கும், வேடந்தாங்கலுக்கும் சென்று பறவைகளையும் விலங்குகளையும் கண்டு குறித்து வருவர். அறிஞரை அழைத்துச் சொற்பொழிவுகள் நிகழ்த்துவர். வேடந்தாங்கலைப் பொறுத்தவரையில், பறவைகளைக் காத்த பெருமை முதற்கண் அவ்வூர் உழவர்க்கே உரியது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்வயலுக்கு உரமாதலை அவர்கள் நன்கறிந்திருந்தனர். துப்பாக்கி ஏந்தி வந்தோரைத் தடுக்கும்பொருட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் கவுல் பெற்றுக் கொண்டனர். கழகம் என்னும் பெயர் பூணாத கழகம் அது.

சென்னையில் ஆமை நடைக்கு வித்திட்டவர், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்தம் நண்பரும் ஆவர். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து கூடுகளைத் தேடினர். அவரோடு நடந்தவருள் சதீஷ் பாஸ்கர் என்பவர் ஒருவர். பொறியியல் பயில வந்த இம்மாணவர், பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆமைகளின்பொருட்டே செலவிட்டு, இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே ஆராய்ந்தார். 1982ஆம் ஆண்டின் பருவமழைக் காலத்தில், மக்கள் வாழாத இலட்சத்தீவுத் தீவொன்றில் ஏறத்தாழ ஐந்து திங்கள் தனியே தங்கினார். படகுப் போக்குவரத்து அற்ற அந்நாள்களில், மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது மிதந்து சென்று இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கைக்குக் கிடைத்தது. அந்நல்லார் அதனை அஞ்சலிற் சேர்க்க, உரியவரிடம் மடல் போய்ச் சேர்ந்தது. முன்பின் அறியாத ஒருவரின் மடலுக்காக அஞ்சல் நிலையம் தேடிச் சென்ற அம்மீனவரின் பண்பும் போற்றத் தக்கதே.

இனி, இவர்கள் காக்க முயலும் உயிரின் இயல்பை அறிதல் வேண்டும். சென்னைக் கரைக்குப் பெரும்பான்மையாக வருவது ஆலிவ் நிற ஓடுடைய சிற்றாமை ஆகும். மீனவர் இதனைப் ‘பங்குனி ஆமை’ என்பர். வரும் பருவத்தையே பெயராக வைத்த அவர்தம் அறிவு நூலோர் இட்ட பெயரினும் பயனுடையது. கடல் வாழ்க்கைக்கு உரியதாயினும் இது நுரையீரலால் மூச்சு விடும் உயிர். ஆதலின் இடையிடையே நீர்மட்டத்திற்கு மேல் தலை நீட்டுதல் இன்றியமையாதது. இவ்வுண்மை பின்னரும் வேண்டப்படும்.

முட்டையிடும் பருவத்தில் பெண் ஆமை இருளில் கரையேறுகின்றது. நீரில் பறவைபோல் இயங்கும் துடுப்புக் கால்கள் மணலில் பெரிதும் இடர்ப்படுகின்றன. அலை எட்டாத மேட்டை அடைந்ததும், பின்னங்கால்களை மாறி மாறி அகப்பைபோல் வளைத்து மணலை அள்ளி, ஏறத்தாழ ஒன்றரையடி ஆழமுள்ள குழியைத் தோண்டுகின்றது. குழியின் வாய் குறுகியும் அடி அகன்றும் குடம்போல் இருக்கும். கண்ணால் காணாமலே காலால் அளந்து தோண்டும் அத்திறம் கண்டோரை வியப்பில் ஆழ்த்தும். குழியில் நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, உடலை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்து மோதி மணலைக் கெட்டிப்படுத்துகின்றது. அவ்வமயம் அதன் கண்ணில் நீர் வடியும். பிள்ளையைப் பிரியும் துயரால் தாய் அழுகின்றாள் என்று கூறுவார் உளர். உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீரே அது. பின்னர் அது கடலுக்குத் திரும்பி விடுகின்றது. முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர் இந்நிகழ்ச்சியைக் கண்டிருந்தனர். அகநானூற்றின் 160ஆம் பாட்டில், குமுழி ஞாழலார் நப்பசலையார், அடும்பங்கொடி படர்ந்த மணற்குவியலின் பக்கத்தே சூல்கொண்ட ஆமை முட்டையை மறைத்துப் புதைத்ததனையும், அம்முட்டையின் வட்ட வடிவையும், புலால் நாற்றத்தையும் குறித்துள்ளார். கரைக்குச் சென்று கண்டவரன்றிப் பிறர் இவற்றைக் கூறுதல் அரிது. பறப்பனவற்றிற்குப் போலவே தவழ்வனவற்றின் இளமைக்கும் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் உரியவெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. அதற்கேற்ப ஆமைக் குஞ்சைப் பார்ப்பு என்றே அப்பாட்டும் வழங்குகின்றது. ஆயின், குஞ்சு வெளிப்படும் அளவும் ஆண் ஆமை முட்டையைக் காத்திருக்கும் என்று பாட்டில் வருவது மட்டும் இயற்கையொடு பொருந்தவில்லை. ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரையேறுவதே இல்லை. தலைவியைப் பேணுதல் தலைவனுக்குக் கடன் என்னும் உட்பொருளைக் கருதிப் புலவர் அவ்வாறு பாடினார் போலும். கழகத்தார்க்கோ உட்பொருள் நோக்கும் உரிமை இல்லை. கண்டதை மட்டுமே அவர் எழுதுதல் வேண்டும்.

காப்பார் எவரும் இல்லாத அம்முட்டைக்கு இடையூறுகள் பல. முற்காலத்தில் மக்கள் தோண்டி எடுத்து உண்டனர், விற்கவும் செய்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாமைக்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்த பின்னர் அவ்வழக்கம் குறைந்தது. தெரு நாயும் நரியும் சட்டம் அறியா. இவற்றினும் கொடியது நகரின் விளக்கொளி. முட்டை பொரிந்து, மணலின் வெப்பம் தணிந்த இரவில் குஞ்சுகள் ஒருங்கே மேலெழுகின்றன. எழுந்ததும் ஒளி மிகுந்த திசையை நோக்கி விரைதல் அவற்றின் பிறவிக் குணம். மின்விளக்கு இல்லாத காலத்தில், விண்மீனும் நிலவும் பட்டு மின்னும் கடலே ஒளியுடைய திசையாக இருந்தது. இன்றோ சாலை விளக்கும் மாடிவீட்டு விளக்கும் கடலினும் மிக ஒளிர்கின்றன. பல்லாயிரம் தலைமுறைகளாக வழிகாட்டிய குணமே அக்குஞ்சுகளைச் சாலைக்கு இட்டுச் செல்கின்றது. விடியுமுன் நீரை அடையாத குஞ்சு காக்கைக்கு இரையாகும். அன்றேல் வெயிலில் காய்ந்து மாயும்.

இதனாலேயே மாணவர் கூடுகளைத் தேடி நடக்கின்றனர். ஈரமணலில் உருளை வண்டி சென்றாற் போன்ற தடம் காணப்பெற்றால் அனைவரும் நிற்பர். ஏறிய தடம் இது, இறங்கிய தடம் இது என முதற்கண் பிரித்தறிவர். ஏறிய தடம் மட்டும் இருப்பின் தாய் ஆமை மேலே உளது என்பது பொருள். அதனை அச்சுறுத்தாது பின்புறமாக அமர்ந்து காத்திருப்பர். இரு தடமும் இருப்பின், அவை கூடும் இடத்தில் மெல்லிய கோலொன்றை மணலில் மெதுவாகச் செலுத்துவர். தோண்டப்படாத மணல் கோலைத் தடுக்கும்; கூட்டின் மேல் உள்ள மணல் நெகிழ்ந்து இடங்கொடுக்கும். அழுத்தம் சற்று மிகுந்தால் முட்டை உடையும். ஆதலின் பழகிய கையே இப்பணிக்கு உரியது; புதியவர் பல இரவுகள் பக்கத்தே நின்று கற்பர்.

கூட்டைக் கண்டபின் அதன் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, முட்டைகளை எண்ணித் துணிப்பையில் இட்டுப் பொரிப்பகத்திற்கு எடுத்துச் செல்வர். இட்ட சில மணி நேரத்திற்குள் இது நிறைவேறுதல் வேண்டும். காலம் தாழ்ப்பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு மடியும். பொரிப்பகம் என்பது கரையிலேயே வேலியிட்டு அமைத்த ஒரு மணற்பரப்பே. தாய் தோண்டிய அதே அளவில் அங்கே குழி தோண்டிப் புதைப்பர். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிப்படும். அவற்றை அலையருகே கொண்டு சென்று மணலில் விடுவர். நேரே நீரில் விடுவதில்லை. பிறந்த கரைப் பகுதியைப் பெண் ஆமை பின்னாளில் நாடி வருதலின், அக்கரையில் சிறிது தொலைவேனும் அது தானே தவழ்ந்து செல்லுதல் நன்று எனக் கருதப்படுகின்றது.

முட்டையை இவ்வாறு இடம் மாற்றுதல் தகுமா என்னும் வினா ஆமை ஆராய்வோரிடையே உண்டு. கடலாமைக் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தால் அமைகின்றது. வெப்பம் மிகின் பெண்ணும், குறையின் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். ஒரே இடத்தில் பல கூடுகளை வைத்தால் அவ்வளவு மாறவும் கூடும். ஆதலின் இயன்ற இடத்திலெல்லாம் கூட்டை அதன் இடத்திலேயே விட்டுக் காப்பதே சிறந்தது என்பர். விளக்கும் நாயும் மிகுந்த சென்னைக் கரையில் அது பெரும்பாலும் இயலாமையின், மாணவர் இரண்டாவது வழியைக் கொண்டுள்ளனர். முதல் வழிக்குக் கரையை மீண்டும் இருளச் செய்தல் வேண்டும். அதன்பொருட்டே அவர்தம் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. கரையோர விளக்குகளை ஆமைப் பருவத்து இரவுகளில் அணைத்து வைக்க வேண்டும் என மாநகராட்சியை வேண்டுகின்றனர். சில ஆண்டுகளில் அவ்வேண்டுகோள் நிறைவேறியும் உள்ளது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நடைக்கு அழைத்து, புறப்படுமுன் மணலில் அமரச் செய்து, ஆமையின் இயல்பையும் கரையின் நிலையையும் எடுத்துரைக்கின்றனர். கால் வலிக்க நடந்து ஓர் ஆமையையும் காணாது திரும்புவோரே பலர்.

கரையில் எத்துணை முயன்றாலும் கடலில் நேரும் இழப்பை இந்நடை தடுத்தல் இயலாது. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னையை ஒட்டிய கரைகளில் இறந்து ஒதுங்கின. விசைப்படகின் இழுவலையில் சிக்கிய ஆமை மேலெழுந்து மூச்சுவிட வழியின்றி மூழ்கி மாள்கின்றது. ஆமையை மட்டும் வெளியேற்றும் கருவியை வலையில் பொருத்தலாம். கரையை ஒட்டிய கடலில் இழுவலைப் படகுகள் புகாமல் விலக்கும் விதியும் உண்டு. கருவி பொருத்தினால் மீனும் ஓரளவு தப்பும் என்பது படகினரின் கவலை. கடனுக்கு வாங்கிய படகும் அதனை நம்பிய குடும்பங்களும் உடைய அவர் கூற்றைப் புறந்தள்ளுதல் ஆகாது. ஆயினும் முட்டையிட வந்த ஓர் ஆமை மடிந்தால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இடப்பட வேண்டிய முட்டைகளும் உடன் மறைகின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து முதிரும் என மதிப்பிடுவர். அத்துணை இடரைக் கடந்து வந்த ஒன்றன் இழப்பைப் பொரிப்பகத்தால் ஈடு செய்தல் எளிதன்று.

அவ்விறப்புகளையும் மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதினர். இறந்து ஒதுங்கிய ஆமை கிடந்த இடம், நாள், ஓட்டின் நீளம் ஆகியவற்றைக் குறித்தல் அருவருப்பான வேலையே. எனினும் இத்தகைய குறிப்புகள் இல்லையேல் இழப்பின் அளவை அரசினர்க்கும் மன்றத்தார்க்கும் எடுத்துக் காட்டுதல் இயலாது. கூடு ஒன்றும் கிடைக்காத இரவுக்கும் ஏட்டில் ஒரு வரி உண்டு. நாள், நடந்தவர் எண்ணிக்கை, கூடு இன்மை என அவ்வரி அமையும். நடக்காத இரவும் கிடைக்காத இரவும் ஒன்றெனக் கலந்துவிடின், ஆமை குறைந்ததா நடப்பவர் குறைந்தனரா என்பது பின் வருவோர்க்கு விளங்காது போகும்.

சித்திரையில் வெயில் முதிர, தேர்வுகளும் நெருங்க, நடப்போர் தொகை சுருங்குகின்றது. பொரிப்பகத்தில் கடைசிக் கூட்டின் குஞ்சுகளும் கடலுக்குச் சென்ற பின்னர், எஞ்சிய மாணவர் ஒவ்வொரு குழியையும் திரும்பத் தோண்டுகின்றனர். குஞ்சு வெளியேறிய ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை, வெளியேற இயலாது உள்ளேயே மடிந்த குஞ்சு எத்தனை என எண்ணி, முன்பு எழுதிய முட்டைக் கணக்கொடு ஒத்துப் பார்க்கின்றனர். கெட்டுப்போன முட்டையின் நாற்றம் பொறுத்தற்கு அரியது. எண்ணி முடிந்ததும் ஓடுகளை மணலில் புதைத்து, வேலியைப் பிரித்துக் கட்டி, அடுத்த தைக்கென எடுத்து வைக்கின்றனர்.