பொங்கோல் கடற்கரைக் களவு

லஞ்சத்தைத் தண்டிக்கும் சட்டம் சிங்கப்பூர்த் தீவில் 1937ஆம் ஆண்டிலேயே இருந்தது. அதை அமல் நடத்துவதற்கென்று போலீஸ் இலாகாவின் குற்றப் புலனாய்வுத் துறைக்குள் ஒரு சிறு கிளையும் இருந்தது. ஆயினும், கைநீட்டிப் பணம் வாங்கிய போலீஸ்காரரை விசாரிக்க வேண்டியவரும் அதே மேலதிகாரிகளுக்குச் சலாம் வைத்து, தம் பதவி உயர்வுக்கு அவர்களது தயவையே எதிர்பார்த்து நின்றவராதலால், அந்தக் கிளையின் விசாரணையில் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்க வழியே இல்லை.

இந்த அவலத்தை ஊரறியச் செய்தது 1951 அக்டோபரில் நடந்த ஒரு களவு. சுமார் 4 லட்சம் டாலர் பெறுமானமுள்ள 1,800 பவுண்டு அபின் பொங்கோல் கடற்கரையில் பறிபோயிற்று. அதைப் பறித்த கூட்டத்தில் போலீஸ் துப்பறிவாளர்கள் மூவரும் சேர்ந்திருந்தனர் என்ற செய்தி வெளியானதும், களவைக் காட்டிலும் களவாடியவர்களின் உத்தியோகமே சர்க்காரைக் கலங்க வைத்தது. திருடனையும் காவலனையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு நியாயம் தேட முடியாது என்று கண்ட காலனி அரசாங்கம், 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைப் போலீஸ் இலாகாவுக்கு வெளியே தனி ஸ்தாபனமாக நிறுவியது.

இடம் மாறிற்று, பலம் உடனே வந்துவிடவில்லை. 1959இல் சுயாட்சி பெற்ற அரசாங்கம் அடுத்த ஆண்டே இயற்றிய ஊழல் தடுப்புச் சட்டந்தான், சந்தேகத்துக்குரியவரைக் கைது செய்யவும், இருப்பிடத்தைச் சோதனையிடவும், வங்கிக் கணக்குகளைப் பார்வையிடவும் அதற்கு அதிகாரம் அளித்தது. ஓர் உத்தியோகஸ்தர் தம் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தை வைத்திருந்து, அது வந்த விதத்தைத் திருப்திகரமாக விளக்க இயலாமற் போனால், அதனையும் வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில், இருவருக்குள் ரகசியமாய் முடிந்துபோகும் காரியத்துக்கு மூன்றாவது சாட்சி அநேகமாகக் கிடைப்பதில்லை.

விசாரிப்பவரே குற்றஞ் சாட்டுபவராகவும் இருத்தலாகாது என்பதை அமைப்பிலேயே பதித்துவைத்தனர்: பிரிவு ஆதாரத்தைத் திரட்டும், வழக்குத் தொடர்வதற்கோ அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் சம்மதம் வேண்டும். அதன் இயக்குநர் பிரதமர் அலுவலகத்துக்குக் கீழ்ப்பட்டவர். ஆதலால் எந்த அமைச்சரும் தம் இலாகாவின் அதிகாரத்தைக் காட்டி அவரைத் தடுத்துவிட முடியாது. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் டே சியாங் வான், தலா 4 லட்சம் டாலர் வீதம் இருமுறை லஞ்சம் பெற்றதாக விசாரிக்கப்பட்டபோது, பிரதமர் லீ குவான் யூ அவ்விசாரணைக்கு அனுமதி அளித்தார். குற்றச்சாட்டு நீதிமன்றத்தை எட்டுமுன் அவ்வமைச்சர் டிசம்பரில் காலமானார்.

ஆனால் பிரதமரே விசாரணைக்கு இடங்கொடாவிட்டால்? ஒரு தலைவரின் நேர்மை அவரோடு முடிந்துவிடக்கூடியது. ஸ்தாபனமோ அவருக்குப் பின்னும் நிற்க வேண்டியது. 1991இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 22ஜி பிரிவு இக்கேள்விக்கு விடை தந்தது: பிரதமர் இசைய மறுத்தாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று இயக்குநர் விசாரணையைத் தொடரலாம், விசாரிக்கப்படுபவர் பிரதமராகவே இருந்தாலும் இது பொருந்தும். 2023இல் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன்மீது விசாரணை நடத்த வேண்டி வந்தபோது, பிரதமர் லீ சியன் லூங் இசைந்துவிட்டமையால், அப்பிரிவின் துணையை நாட வேண்டிய அவசியம் நேரவில்லை.