நெற்றிக்குள் ஒரு கோணல் வழி

"ஆப்பரேஷன் செஞ்சு எடுத்தாச்சு, டாக்டர். மறுபடியும் எப்படி வந்துச்சு?" மூக்குச் சதைக்காரர்கள் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. கோளாறு சதையில் இல்லை. சதை முளைக்கும் சவ்வில் இருக்கிறது. கத்தி சதையை எடுக்கும், சவ்வின் குணத்தை மாற்றாது.

ஜொகூரின் ஸ்கூடாயிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து நெரிசலில் புகை குடித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அடைத்த மூக்கு புதிதல்ல. ஈரப்பதத்தில் மெத்தைக்குள் பெருகும் தூசி உண்ணிகள் போதாதென்று, சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டமும் வந்துவிடுகிறது. 2013 ஜூனில் இதே ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. இவையெல்லாம் மூக்கின் சவ்வைச் சீண்டும். ஆனால் சதை வளர்வதற்கு இவற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

நெற்றி வலித்தாலே "சைனஸ்" என்று சொல்லி இரண்டு பெனடால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்தபோது 88 சதவீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. மூக்குச் சதை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அடைப்பு, தொண்டைக்குள் இறங்கும் சளி, எல்லாவற்றுக்கும் மேலாக வாசனை தெரியாமல் போவது ஆகியவைதான் அதன் அடையாளங்கள். அடுப்பில் தாளிக்கும் வாசம் மூன்று மாதமாக எட்டவில்லையென்றால் அதை ஜலதோஷம் என்று தள்ளிவிடக் கூடாது.

புருவத்துக்கு மேலுள்ள நெற்றி சைனஸ் பிறக்கும்போது நமக்கு இருப்பதில்லை. ஏழெட்டு வயதில்தான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கி, பதின்பருவ முடிவில் முழு வடிவம் பெறுகிறது. சிலருக்குக் கடைசிவரை உருவாகாமலே போய்விடுவதும் உண்டு. அதன் பின்சுவரைத் தாண்டினால் மூளை, தரையைத் தாண்டினால் கண். வெளியே வரும் பாதையோ சில மில்லிமீட்டர் அகலம்தான், அதுவும் நேராக இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள சிறு காற்றறைகளுக்கிடையே கோணல்மாணலாக இறங்குகிறது. சதை பெரும்பாலும் முளைப்பது அந்தக் காற்றறைகளில்தான். அது பருத்து வழியை அடைக்க, மேலே சளி தேங்குகிறது. நெற்றி அறைக்குள்ளேயே பிறக்கும் சதை குறைவு.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் கண்ட ஒன்று இங்கே முக்கியம். நெற்றி அறையின் சளி புவியீர்ப்பை நம்பி வடிவதில்லை. நுண்ணிய மயிரிழைகள் அதை உட்சுவரில் மேலே ஏற்றி, கூரையோடு வெளிப்பக்கம் தள்ளி, தரை வழியாக வாசலுக்குக் கொண்டுவருகின்றன. வேறொரு இடத்தில் புதுத் துளை போட்டாலும் சளி பழைய வாசலைத் தேடியே போகும்.

மருத்துவர் முதலில் மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை உள்ளே விடுவார். எல்லோருக்கும் இயல்பாகவே இருக்கும் பக்கவாட்டு மடிப்பு வீங்கியிருந்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். மருந்து பட்டால் சுருங்கும், தொட்டால் கூசும். உண்மையான சதையோ தோலுரித்த திராட்சை மாதிரி வெளிறிப் பளபளக்கும், தொட்டாலும் உணர்வு இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையற்ற பயத்தோடு திரிகிறவர்கள் ஏராளம். அடுத்தது சி.டி. ஸ்கேன். நெற்றியின் வாசலைப் பார்க்க முன்தோற்றம் போதாது, பக்கவாட்டு வெட்டுப் படமும் தேவை. ஒரு பக்கம் மட்டும் சதை இருந்தால் கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் திசுப் பரிசோதனை கட்டாயம். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் இளவயதினருக்குப் பூஞ்சை ஒவ்வாமையால் பிசின் போன்ற சளி சேர்ந்து கண்ணையே வெளியே தள்ளுவதும் உண்டு.

சிகிச்சை உப்புநீரில் தொடங்குகிறது. கொதிக்கவைத்து ஆறிய நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு மாத்திரை சில நாளிலேயே சதையைச் சுருக்கிவிடும், வாசனையும் திரும்பும். அந்தச் சுகத்துக்காகப் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. மலேசியாவில் நீரிழிவு அதிகம் உள்ள இனம் இந்தியர்களாகிய நாம்தான். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் இந்தியாவில் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை காட்டியது.

அறுவை சிகிச்சையின் கதை சுவையானது. 1884-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் நெற்றி எலும்பைத் துளைத்து சைனஸைத் திறந்தார். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் கிருமியின் நஞ்சு பலருடைய மூக்குச் சதைக்குத் தூபம் போடுகிறது என்று நூறாண்டு கழித்துத் தெரியவரும் என அவர் நினைத்திருக்க மாட்டார். இன்று நெற்றியில் தழும்பே விழாமல், மூக்கு வழியாகவே வாசலை விரிக்கிறார்கள். சவ்வை உரித்துவிடாமல் காப்பதுதான் இதில் கைத்திறன். உரித்தால் தழும்பேறி வழி மறுபடி மூடிக்கொள்ளும். அடிக்கடி திரும்புகிறவர்களுக்கு, ஜெர்மானிய மருத்துவர் டிராஃப் 1991-இல் வகுத்த முறைப்படி இரு பக்க அறைகளின் வாசல்களையும் ஒரே பெரிய வாசலாக்குவதும் உண்டு.

என் பார்வையில் இந்த அறுவையின் பெரிய பலன் சதை போவதல்ல, மருந்து நுழைய வழி கிடைப்பதுதான். மூடிய நெற்றி அறைக்கு ஸ்பிரே எட்டாது. திறந்த அறைக்குக் கழுவுநீரோடு ஸ்டீராய்டும் போய்ச்சேரும். அதை நிறுத்திவிட்டால் பழைய கதைதான். தொடர்ந்து கண்காணித்த 2017-இன் ஆய்வொன்றிலேயே, ஒன்றரை ஆண்டில் சுமார் 40 சதவீதத்தினருக்குச் சதை மீண்டும் தென்பட்டது.

மூக்குச் சதைக்கென 2019-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் ஊசி சவ்வின் அழற்சிச் சமிக்ஞைகளையே தடுக்கிறது. விலை அதிகம், நிறுத்தினால் சதை திரும்பக்கூடும். தவிர, ஆசியர்களில் கணிசமானோரின் சதை, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைந்த வேறு வகை; அதற்கு இந்த ஊசி அவ்வளவாகப் பலன் தராமல் போகலாம். அதனால் ஆப்பரேஷனுக்குப் பிறகு ஆய்வகம் தரும் திசு அறிக்கையை ஆஸ்பத்திரிக் கோப்போடு விட்டுவிடாமல் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஈசினோஃபில் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சதை திரும்பி வந்தால், அடுத்து எந்த மருந்து என்று தீர்மானிக்க மருத்துவர் முதலில் தேடும் விவரங்களில் அதுவும் ஒன்று.