குளிர்சாதன மோட்டாரைக் கழிப்பதற்கு முன்

உலர்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறும் என்பது நெசவாளர் அனைவரும் அறிந்ததே. ஆலைக் காற்றில் ஈரம் கூட்டி அக்குறையை நீக்கும் முறையை வகுத்த ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் அமெரிக்கப் பொறியாளரே 1906-ஆம் ஆண்டில் ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரை வழங்கினார். நூலாலையிற் பிறந்த அப்பெயரைத் தாங்கிய பெட்டி இன்று நம் அங்கத்தினர் சிலர் வீடுகளிலும் இடம்பெற்றுள்ளது.

கோடையில் அது குளிர் தராது நின்றால், “மோட்டார் போயிற்று, புதிது போடவேண்டும்” என்ற சொல்லே முதலிற் காதில் விழுகின்றது. கணக்கிற் பேதம் காணுங்கால் நாம் சிறு ரசீதுகளைப் பார்த்த பின்னரே பேரேட்டைக் குறை கூறுகின்றோம். இங்கும் அம்முறையே நன்று.

முதலாவது, வெளிப்பெட்டியைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் ஒலித்தும் அங்குள்ள விசிறி சுழலவில்லையெனில் உடனே நிறுத்திவிடுக. விசிறியின்றி வெப்பம் வெளியேறாது. விலை மிகுந்த கம்ப்ரஸரே கெட நேரிடும்.

இரண்டாவது, ரிமோட்டில் மட்டுமன்றி மெயின் ஸ்விட்சிலும் மின்சாரத்தை நிறுத்தியபின், கம்பிவலை வழியே மெல்லிய மரக்குச்சியால் இறக்கையைத் தள்ளிப் பார்க்கலாம். தடையின்றிச் சுழன்றால் பேரிங் நலமே. இறுகியோ உரசியோ நின்றால் பழுது பேரிங்கில் இருக்கக்கூடும். மாடிச் சுவரின் வெளிப்புறம் மாட்டிய பெட்டியாயின், எட்டிக் குனிந்து இதனைச் செய்யலாகாது.

மூன்றாவது, கப்பாஸிட்டர். மின்வேலைக்காரர் இதனைக் ‘கண்டென்சர்’ என்பர். ஒற்றை பேஸ் மின்சாரம் தானாக மோட்டாரைச் சுழற்றத் தொடங்காது. இரண்டாம் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சற்று முந்தச் செய்து சுழற்சியைத் தொடங்கி வைப்பது இதுவே. இறக்கை தளர்வாக இருந்தும், மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகி நின்றால், ஐயம் முதலில் இதன்மீதே செல்லவேண்டும். தலை உப்பியிருப்பதும் எண்ணெய் கசிந்திருப்பதும் தெளிவான அடையாளங்கள். மோட்டாரை நோக்க இதன் விலை மிகச் சொற்பம். புதியது, பழையதிற் குறித்த அதே மைக்ரோபாரட் அளவும், குறையாத வோல்ட் அளவும் உடையதாக இருத்தல் வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: ஸ்விட்சை நிறுத்திய பின்னும் இதனுள் மின்சாரம் தங்கி நிற்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் பணி; அங்கத்தினர் பணியன்று.

நான்காவதாகவே காயிலைச் சோதிக்க வேண்டும். மோட்டார் சூடாயிருக்கையில் உள்ளிருக்கும் வெப்பக் காப்பு இணைப்பைத் துண்டித்து வைப்பதுண்டு. அப்பொழுது அளந்தால் நல்ல காயிலும் அறுந்ததுபோற் காட்டும். ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளக்கச் செய்க. அப்பொழுதும் தொடர்பு இல்லையெனினும், காயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் தொடர்பு காணப்படினும், மோட்டாரைக் கழிப்பது நியாயமே. இன்வெர்ட்டர் வகைகள் பலவற்றில் விசிறி மோட்டாருக்குக் கப்பாஸிட்டர் கிடையாது. அவற்றில் மோட்டாரோடு மின்பலகையையும் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

எனவே பழுது பார்ப்பவரிடம் அங்கத்தினர் கேட்கவேண்டியவை இரண்டு: கப்பாஸிட்டரில் குறித்த அளவு யாது? அளந்தபொழுது கண்டது யாது? இரண்டையும் பில்லில் எழுதி வாங்குக. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறுக. அளவு காட்டாத தீர்ப்பு வவுச்சர் இல்லாத செலவை ஒக்கும். அதற்குப் பணம் கொடுத்தல் முறையன்று.