மி-26 முதல் சினூக் வரை: விமானப்படையின் கனரக ஹெலிகாப்டர்கள் புதுப்பிக்கப்பட்டது எப்படி?

புதுடெல்லி: இமயமலை எல்லையில் நிலச்சரிவால் சாலை துண்டிக்கப்படும்போது, பீரங்கிகளையும் சாலை அமைக்கும் இயந்திரங்களையும் முன்னரண்களுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு கனரக ஹெலிகாப்டர்களையே சாரும்.

இந்திய விமானப்படையில் இப்பணியை 1986 முதல் ரஷியத் தயாரிப்பான மி-26 மேற்கொண்டது. தொடர் உற்பத்திக்கு வந்த ஹெலிகாப்டர்களில் உலகிலேயே மிகப்பெரியதான இது, சுமார் 20 டன் எடையைச் சுமக்க வல்லது. எனினும் விமானப்படையிடம் இருந்தவை மிகச் சிலவே. ஒன்று பழுதுபார்க்கச் சென்றாலும் பணிகள் பாதிக்கப்படும் நிலை இருந்தது.

இதையடுத்து, 15 சினூக் ஹெலிகாப்டர்களை வாங்க அமெரிக்காவுடன் 2015 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019 மார்ச் 25-ஆம் தேதி சண்டிகர் விமானப்படை தளத்தில் அவற்றின் முதல் தொகுதி முறைப்படி சேர்க்கப்பட்டது. பின்னர் அசாமின் மோகன்பாரியிலும் சினூக் பிரிவு நிறுவப்பட்டது.

சினூக்கின் சுமைத்திறன் மி-26-இல் ஏறத்தாழ பாதிதான். ஆனால் முன்னும் பின்னும் உள்ள அதன் இரு சுழலிகள் எதிரெதிர் திசையில் சுழல்வதால், வால் சுழலி தேவையில்லை. என்ஜினின் ஆற்றல் முழுவதும் தூக்குவிசைக்கே பயன்படுகிறது. காற்றின் அடர்த்தி குறைந்த உயரங்களில் இது பெரும் சாதகமாகும். சுமார் 4.2 டன் எடையுள்ள எம்-777 பீரங்கியை அடிப்பகுதிக் கொக்கியில் தொங்கவிட்டே அது எடுத்துச் செல்லும்.

ஆகவே, தனிப்பெரும் சுமைத்திறனைக் காட்டிலும், தேவைப்படும் நேரத்தில் பறக்கத் தயாராக இருக்கும் ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கையே எல்லைப் பணியில் முக்கியத்துவம் பெறுகிறது.