மூன்று பேர் முன்னால் நாக்கு ஏன் வறள்கிறது?

பதற்றத்தின்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆராய, முதலில் ஆளைப் பதறவைத்தாக வேண்டும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் அதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். அவர்கள் கையில் எடுத்தது, வேலைக்கான நேர்காணல்!

அறையில் மூன்று பேர். மைக், வீடியோ கேமரா. இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தமானவன் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையசைக்கவும் மாட்டார்கள். பேசி முடித்ததும் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சொல்லச் சொல்வார்கள். 1009, 996, 983... ஒரு தப்பு வந்தால் மறுபடியும் 1022. உமிழ்நீரைச் சோதித்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது.

காரணம் என்ன? இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் அலசினார்கள். பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், முடிவோ நம் கையில் இல்லை. இந்த இரண்டும் சேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக எகிறுகிறது. நேர்காணலில் இரண்டுமே உண்டு. ஆகவே உங்கள் கை சில்லிட்டால், உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பொருள். "எனக்குத் தகுதியில்லையோ" என்ற சந்தேகத்துக்கு அதைச் சாட்சியாக்குவது பெரிய அநியாயம்.

அட்ரினலின் சுரந்து படபடக்கும் இதயத்தை "அமைதியாக இரு" என்று அதட்டினால் அது கேட்பதில்லை. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், "நான் ஆர்வமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆர்வத்திலும் இதயம் இப்படி வேகமாகத்தான் துடிக்கும். துடிப்பு அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறுகிறது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது, உளவியலாளர்கள் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. நம் நடுக்கம் எதிரே இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. இந்த ஒரு தகவலை முன்கூட்டியே சொல்லிவைத்ததுமே மாணவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது நடுக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வாய் வறண்டால் கூச்சப்படாமல் தண்ணீர் கேளுங்கள். குடித்துவிட்டு, நீங்கள் செய்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.